கொம்பியூட்டரைப் போட்டதும் தானாக ஓடும் ப்ரோகிராம்களை நிறுத்துவது எப்படி? பழைய லெப்டொப் வைத்திருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்தால் அட்டன் பக்கம் பின்னேரம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு மணிக்கு மப்புக் கட்டும், மூன்று மணிக்கு இடி, கூடவே கரன்ட் போகும். பத்தனையில் கல்வியியற் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் லீவில் வந்திருந்தாள். அவளுடைய லெப்டொப் கண்டியில் ஒரு கடையில் பாவித்ததாக வாங்கியது. பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது. கரன்ட் போனால் லெப்டொப்பும் அணைந்துவிடும், வந்தால் மறுபடி முதலிலிருந்து. அன்று பின்னேரம் மட்டும் மூன்று தடவை போட்டாள். மூன்றாவது தடவை நான் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். பாஸ்வேர்ட் அடித்ததிலிருந்து வேர்ட் திறக்கும் வரை ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. இருபது நிமிடம் போல அவள் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

“புதுசு ஒண்ணு வாங்கத்தான் வேணும் போல மாமா” என்றாள். அவளுக்கும் தெரியும், வீட்டில் அதற்கு வழியில்லை என்று. நான் லெப்டொப்பை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். அன்று இரவு நாங்கள் இருவரும் உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள், செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டில் பேர் இருப்பவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பார்கள். விண்டோஸிடமும் அப்படி ஒரு செக்ரோல் இருக்கிறது. நீங்கள் உள்ளே நுழைந்ததும் அதில் பேர் உள்ள ப்ரோகிராம்கள் எல்லாம் ஓடி வரும். சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு சொஃப்ட்வெயாரும் இன்ஸ்டால் ஆகும்போதே தன் பேரைத் தானே அதில் எழுதிக்கொள்கிறது. அதை உங்களிடம் எல்லா நேரமும் கேட்பதும் இல்லை. எழுதிய பேரை எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பேரை எடுத்தால் ப்ரோகிராம் அழியாது. அதைத் திறந்தால் எப்போதும் போல வேலை செய்யும், கூப்பிடாமல் வராது, அவ்வளவுதான். பயப்படாமல் செய்யுங்கள்.

முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

எதையும் தொடும் முன் ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்து, பாஸ்வேர்ட் அடித்த நேரத்திலிருந்து நீங்கள் வழக்கமாகப் பாவிக்கும் ப்ரோகிராம் திறக்கும் வரை எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஷட் டவுன் செய்து போட்டு அளக்க வேண்டாம், ரீஸ்டார்ட்தான். விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உள்பகுதியை அப்படியே டிஸ்கில் சேமித்து வைத்து, அடுத்த தடவை அதையே திரும்ப எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்டில் அது கிடையாது, எல்லாம் முதலிலிருந்து ஏறும். கரன்ட் போய்த் திடீரென்று அணைந்த லெப்டொப்புக்கும் அதே கதிதான், சேமிக்க நேரமே இல்லையே. பேட்டரி இல்லாத லெப்டொப்பை நம் பக்கத்தில் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை மற்றவர்களைவிட அதிகமாகச் சுடுவது இதனால்தான்.

செக்ரோலைத் திறப்பது

கீபோர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். விண்டோஸ் 10-இல் சின்னப் பெட்டியாக வந்தால் அடியில் உள்ள “மோர் டீட்டெய்ல்ஸ்” என்பதைத் தட்டி, மேலே வரிசையில் “ஸ்டார்ட்அப்” என்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் இடது பக்கம் ஒரு பட்டை இருக்கும், அதில் “ஸ்டார்ட்அப் அப்ஸ்”. யாராவது இன்னும் விண்டோஸ் 7 வைத்திருந்தால் அதில் இந்தப் பட்டியல் வேறு இடத்தில் இருக்கிறது: ஸ்டார்ட் மெனுவில் எம், எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்தோடு சேர்த்து கான்ஃபிக் என்று தட்டினால் வரும் பெட்டியில். ஆனால் அந்த விண்டோஸுக்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் திகதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. வங்கி வேலைகளை அதில் செய்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

பட்டியல் திறந்ததும் உடனே எதையும் அணைக்காதீர்கள். ஃபோனால் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது மாறிப்போனால் எது எப்படி இருந்தது என்று பார்க்க அந்தப் படம் போதும்.

அக்கா மகளின் பட்டியலில் பதினேழு வரி இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ப்ரோகிராமின் பேர், வெளியிட்ட கம்பெனி, எனேபிளா டிஸேபிளா என்ற நிலை, கடைசியில் “ஸ்டார்ட்அப் இம்பேக்ட்” என்று ஒன்று. இந்தக் கடைசியைத்தான் கவனிக்க வேண்டும். ஹை என்றால் தொடங்கும்போது அந்த ப்ரோகிராம் பிராசஸரின் நேரத்தில் ஒரு செக்கனுக்கு மேல் எடுத்திருக்கிறது, அல்லது டிஸ்கில் 3 மெகாபைட்டுக்கு மேல் படித்து எழுதியிருக்கிறது. 300 மில்லிசெக்கனுக்கும் 300 கிலோபைட்டுக்கும் கீழே என்றால் லோ. இடையில் உள்ளது மீடியம். “நாட் மெஷர்ட்” என்று இருந்தால் இன்னும் அளக்கவில்லை என்று அர்த்தம், புதிதாக வந்த வரிகளில் அப்படி இருக்கும். ஒரு செக்கன்தானே என்று நினைக்கலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் பதினேழு பேரும் ஒரே வாசலில் முண்டியடித்தால் ஒரு செக்கன் ஒரு நிமிடமாகும்.

இன்னொரு வேலையும் இங்கேயே செய்யுங்கள். பட்டியலின் தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்தால் ஒரு மெனு வரும். அதில் “கமாண்ட் லைன்” என்பதை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு ப்ரோகிராமும் டிஸ்கில் எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்று ஒரு புது நிரலில் தெரியும். பேரை யாரும் எப்படியும் வைக்கலாம், இருக்கும் இடம்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

எதை வைப்பது, எதை எடுப்பது

ஒரே கேள்விதான்: நான் உள்ளே நுழைந்த அடுத்த நிமிடமே இது எனக்குத் தேவையா? தேவை என்றால் இருக்கட்டும். நான் திறக்கும்போது வந்தால் போதும் என்றால் எடுத்துவிடலாம்.

வைக்க வேண்டியவை குறைவு. “விண்டோஸ் செக்யூரிட்டி நோட்டிஃபிகேஷன் ஐகன்” இருக்க வேண்டும். வேறு அன்டிவைரஸ் போட்டிருந்தால் அதுவும். டச்பேட், சவுண்ட் கார்ட் சம்பந்தப்பட்டவை இருக்கட்டும், அவற்றை எடுத்தால் பெரிய லாபம் இல்லை, சில லெப்டொப்களில் இரண்டு விரலால் உருட்டுவது நின்றுவிடும். அப்புறம், மற்ற மொழிகளில் எழுதப்பட்ட குறிப்புகளில் நீங்கள் காணாத ஒன்று: தமிழ் தட்டச்சு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை, கீமேன் போன்ற ஒன்றை வைத்துத் தமிழ் அடிப்பவர்கள் அதை எடுத்துவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியர் பட்டியலில் தெரியாத பேரையெல்லாம் ஒரே மூச்சில் அணைத்துவிட்டு, அடுத்த நாள் வினாத்தாள் அடிக்க உட்கார்ந்தபோது தமிழ் வரவில்லை என்று கீபோர்டையே மாற்றப் போனார். விண்டோஸோடு வரும் தமிழ் கீபோர்டையே பாவிப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

ஒன்ட்ரைவ் போன்ற கிளவுட் சேமிப்பு யோசித்துச் செய்ய வேண்டிய ஒன்று. உங்கள் ஒப்படைகளும் படங்களும் அதில்தான் பிரதி ஆகின்றன என்றால் அதை எடுத்த நாளிலிருந்து பிரதி நின்றுவிடும், நீங்களாகத் திறக்கும் வரை. அக்கா மகளிடம் கேட்டேன், டெஸ்க்டொப்பில் இருப்பதெல்லாம் அதில்தான் ஏறுகிறது என்றாள். அதனால் அதை வைத்துக்கொண்டோம். பேட்டரி இல்லாத லெப்டொப்பில் அது ஒரு உயிர்க் கயிறு.

எடுக்க வேண்டியவை நிறைய. டீம்ஸ், ஸூம் வரிசையில் வரும் கூட்ட ப்ரோகிராம்கள். வகுப்பு இருந்தால் நீங்களே திறப்பீர்கள். ஸ்பொட்டிஃபை போன்ற பாட்டு ப்ரோகிராம்கள், கேம் லாஞ்சர்கள், டொரண்ட். டொரண்டை முதலில் எடுங்கள், டேட்டாவைக் குடிக்கும். “அப்டேட்டர்” என்று முடியும் வரிகளை எடுத்தாலும் உரிய ப்ரோகிராமைத் திறக்கும்போது பெரும்பாலும் அது தானே அப்டேட்டைப் பார்த்துக்கொள்ளும். பிரிண்டரின் மை அளவு காட்டும் துணை ப்ரோகிராம் இல்லாமலே பிரிண்ட் வரும். லெப்டொப் கம்பெனி தன் பங்குக்குப் போட்டு அனுப்பும் வரவேற்பு, உதவி, சலுகை ப்ரோகிராம்களும் வேண்டாம்.

எடுப்பது எப்படி என்றால், வரியில் ரைட் கிளிக் செய்து “டிஸேபிள்”. அவ்வளவுதான். ஆனால் ஒரே நேரத்தில் மூன்று நான்குக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்து, ரீஸ்டார்ட் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு அடுத்தது. ஏதாவது வேலை செய்யாமல் போனால் கடைசியாக எடுத்தவற்றில் ஒன்றுதான் காரணம், அதே இடத்தில் “எனேபிள்” கொடுத்தால் பழையபடி வந்துவிடும்.

சில வரிகளில் வெறுமனே “ப்ரோகிராம்” என்று மட்டும் இருக்கும், படமும் இருக்காது. எப்போதோ அழித்த ஒரு சொஃப்ட்வெயார் விட்டுப்போன பேர் அது, பெரும்பாலும். கமாண்ட் லைனைப் பார்த்து உறுதி செய்துகொண்டு டிஸேபிள் செய்யலாம்.

எடுத்த பேர் திரும்ப வந்தால்

சில ப்ரோகிராம்கள் அப்டேட் ஆனதும் தங்கள் பேரை மறுபடி எழுதிக்கொள்ளும். அவற்றை அவற்றின் உள்ளேயே போய் நிறுத்த வேண்டும். ப்ரோகிராமைத் திறந்து செட்டிங்ஸில் தானாகத் தொடங்குவது பற்றிய வரியைத் தேடி டிக்கை எடுங்கள். ப்ரவுசர்களும் இதில் சேர்த்தி. குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் என்று போனால் குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட விடும் வரி இருக்கும், அதை அணையுங்கள். எட்ஜில் அதே போல சிஸ்டம் பக்கத்தில் “ஸ்டார்ட்அப் பூஸ்ட்”. 4 ஜிபி ரேம் உள்ள லெப்டொப்பில் இவை இரண்டும் அணைந்திருப்பது நல்லது.

விண்டோஸே ஒரு வேலை செய்யும்: நீங்கள் அணைக்கும்போது திறந்திருந்த சில ப்ரோகிராம்களை அடுத்த தடவை தானே திறந்து வைக்கும். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய், ரீஸ்டார்ட் செய்யக்கூடிய அப்ஸைச் சேமிக்கும் வரியை அணைத்துவிடுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று எப்படித் திறக்கிறது என்று நிறையப் பேர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான்.

பென் டிரைவோடு வந்த விருந்தாளி

பதினேழில் பன்னிரண்டாவது வரியில் என் விரல் நின்றது. “மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் பேஸ்ட் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்” என்று இருந்தது. கம்பெனி பேரும் மைக்ரோசொஃப்ட்தான். பார்த்தால் விண்டோஸின் சொந்தப் பிள்ளை போலத்தான் தெரியும், அந்த ப்ரோகிராமும் உண்மையில் விண்டோஸோடு வருவதுதான். ஆனால் அது ஒரு வண்டி மாதிரி, ஏறி உட்கார்ந்தவன் யார் என்று பார்க்க வேண்டும். கமாண்ட் லைனைப் பார்த்தால், ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ளே அர்த்தமில்லாத எழுத்துகளோடு ஒரு விபிஎஸ் ஃபைல், அதாவது கொம்பியூட்டருக்கான கட்டளைகளை எழுதி வைத்த ஃபைல்.

“பென் டிரைவ்ல ஃபைல் எல்லாம் ஷார்ட்கட்டா மாறுதா?” என்று கேட்டேன்.

“ஆமா மாமா, போன மாசம் ஒரு கொமினிகேஷன் கடையில பிரிண்ட் எடுத்ததிலருந்து அப்பிடித்தான்” என்றாள்.

நம் டவுன்களில் இந்த வைரஸ் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பென் டிரைவில் உள்ள உண்மையான ஃபைல்களை மறைத்துவிட்டு அதே பேரில் ஷார்ட்கட் வைக்கும். அதைத் தட்டினால் ஃபைலும் திறக்கும், வைரஸும் கொம்பியூட்டருக்குள் ஏறி ஸ்டார்ட்அப் பட்டியலில் பேர் எழுதிக்கொள்ளும். பிறகு செருகும் ஒவ்வொரு பென் டிரைவுக்கும் தொற்றும். இப்படி ஒரு வரியைக் கண்டால் டிஸேபிள் செய்வதோடு நிறுத்தாதீர்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பகுதியில் “ஸ்கேன் ஆப்ஷன்ஸ்” போய் ஆஃப்லைன் ஸ்கேனைத் தெரிவு செய்யுங்கள். லெப்டொப் தானே ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக ஏறும் முன்பே தேடும். கால் மணி நேரம் போல எடுக்கும். இடையில் கரன்ட் போகக் கூடாது, அதனால் வானம் வெளுத்திருக்கும் காலை நேரத்தில் செய்யுங்கள். பென் டிரைவை ஃபோர்மட் செய்து தொலைத்துவிடாதீர்கள், உங்கள் ஃபைல்கள் அதற்குள்ளேதான் ஒளிந்திருக்கின்றன. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி சொல்லி, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்தால் தெரியும். அவற்றை மட்டும் வேறு இடத்துக்குப் பிரதி எடுங்கள். ஷார்ட்கட்டைத் தட்டவே வேண்டாம்.

இன்னும் ஒளிந்திருப்பவை

விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஷெல் என்று எழுதி, முக்காற்புள்ளி இட்டு, இடைவெளி இல்லாமல் ஸ்டார்ட்அப் என்று அடியுங்கள். ஒரு ஃபோல்டர் திறக்கும். அதில் இருக்கும் எதுவும் நீங்கள் உள்ளே நுழைந்ததும் ஓடும். பலருக்கு அது வெறுமையாகவே இருக்கும். ஷார்ட்கட் இருந்தால் வேண்டாததை அழிக்கலாம், ஷார்ட்கட் போனால் ப்ரோகிராம் போகாது.

குறித்த நேரத்தில் ப்ரோகிராம்களை ஓட வைக்கும் டாஸ்க் ஷெட்யூலர் அடுத்த ஒளிவிடம். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பேரைத் தட்டித் திறந்து, இடது பக்கம் “டாஸ்க் ஷெட்யூலர் லைப்ரரி” என்பதைத் தெரிவு செய்து, “ட்ரிகர்ஸ்” நிரலில் “லொக் ஒன்” (உள்ளே நுழைவது) என்று வரும் வரிகளைப் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த சொஃப்ட்வெயாரின் வரியை மட்டும் டிஸேபிள் செய்யுங்கள். மைக்ரோசொஃப்ட் என்ற ஃபோல்டருக்குள் போகவே வேண்டாம்.

திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களில் கை வைப்பதை நான் பொதுவாகச் சொல்வதில்லை. வைக்கத்தான் வேண்டும் என்றால், முன்பு சொன்ன எம்எஸ் கான்ஃபிக் பெட்டியில் சர்வீசஸ் பகுதிக்குப் போய், மைக்ரோசொஃப்ட் சர்வீஸ்களை மறைக்கும் பெட்டியை முதலில் டிக் செய்யுங்கள். அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உள்ளே நுழைய முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்தும் ஏதோ ஒன்று எங்கிருந்தோ ஓடுகிறதா? ஆட்டோரன்ஸ் என்ற சிறிய ப்ரோகிராமை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். மார்க் ருஸினோவிச் என்பவர் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று, 2006-இல் மைக்ரோசொஃப்ட் அந்தக் கருவிகளை வாங்கிக்கொண்டது. இலவசம், மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்தே இறக்குங்கள், இன்ஸ்டால் செய்யவும் தேவையில்லை. திறந்தால் நூற்றுக்கணக்கில் வரி வரும். ஆப்ஷன்ஸ் மெனுவில் மைக்ரோசொஃப்ட் வரிகளை மறைக்கச் சொன்னால் மிச்சம் கையளவுதான். மஞ்சள் நிற வரி என்றால் பேர் இருக்கிறது, ஃபைல் இல்லை. இளஞ்சிவப்பு என்றால் வெளியிட்டவர் யார் என்று உறுதி செய்ய முடியவில்லை, அங்கே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சந்தேகமானால் டிக்கை மட்டும் எடுங்கள், வரியை அழிக்காதீர்கள்.

டேட்டாவையும் சேர்த்துப் பாருங்கள்

நம்மில் பலர் ஃபோனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டுத்தான் லெப்டொப்பில் நெட் பார்க்கிறோம். லெப்டொப்பைப் போட்டதும் ஆளாளுக்கு அப்டேட் இறக்கத் தொடங்கினால் போட்ட ரீலோட் மாலைக்குள் முடியும். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் அந்த வைஃபையின் விபரத்துக்குள் போய் “மீட்டர்ட் கனெக்ஷன்” என்பதை ஒன் செய்யுங்கள். விண்டோஸ் அப்டேட்டின் பெரும் பகுதி தானாக இறங்காது, ஒன்ட்ரைவும் நிறுத்தி வைக்கும். பாடசாலையிலோ நூலகத்திலோ வைஃபை கிடைக்கும் நாளில் அப்டேட்டையும் பிரதியையும் முடித்துக்கொள்ளுங்கள், விட்டுவிடக் கூடாது.

அன்று இரவு பதினேழு வரியில் ஆறை வைத்தோம். நான்கு தடவை ரீஸ்டார்ட். கடைசியாக அளந்தபோது மூன்று நிமிடத்துக்குக் கீழே வந்திருந்தது. அதற்குமேல் குறைய வேண்டுமானால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, சுழலாத வேகமான டிஸ்கான எஸ்எஸ்டி போட வேண்டும், ஸ்டார்ட்அப் பட்டியலில் செய்ய இனி ஒன்றும் இல்லை. புது லெப்டொப் வாங்குவதோடு பார்த்தால் அது சின்னச் செலவு, சேர்த்து வைத்துச் செய்யலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

போன கிழமை பத்தனையிலிருந்து அவள் ஒரு படம் அனுப்பினாள். பட்டியலில் ஏழாவதாக ஒரு புது வரி. கீழே எழுதியிருந்தாள்: “கமாண்ட் லைன் பார்த்தேன் மாமா, பிரிண்டரோடது. எடுத்துட்டேன்.”